கிழித்தெடுத்த ஈஸ்ட் படங்கள்

ஜூலை 14, 2024, ஞாயிறு

பீர் காய்ச்சும் அறிவியலைப் பற்றி 1880களில் லண்டனில் அச்சான என் புத்தகத்தில் வண்ணப் படங்களைக் காணோம். ஆறும் போய்விட்டன. பிளேடால் அறுத்திருக்கிறார்கள். நுண்ணோக்கியில் ஒருவன் பார்த்துப் பார்த்து வரைந்த ஈஸ்ட், முளைவிடும் பார்லி — இவற்றுக்காகத்தானே வருடக்கணக்கில் தேடி அதை வாங்கினேன்?

அம்மாவைக் கேட்டேன். "சூர்யா ஏதோ படம் வேணும்னான். தம்பிதானேன்னு அலமாரி சாவியக் குடுத்தேன்" என்றாள்.

ஜூலை 15

போன் செய்தேன். சூர்யபிரகாஷ் சிரிக்கிறான். "படத்த மட்டும்தான்க்கா எடுத்தேன். புத்தகம் அப்படியே இருக்குல்ல?" திருவையாறு பக்கம் அவன் கட்டியிருக்கும் ரிசார்ட்டில், பார் சுவருக்காம்.

இவன்தானே தன் மாமனார் வீட்டார் வந்த அன்று என் அலமாரியைப் போர்வையால் மூடியவன்? "காலேஜ்ல பாடம் நடத்துறவ வீட்ல பீர் புக்கா? அசிங்கமா இருக்குக்கா." மைக்ரோபயாலஜி நடத்துகிறவள் வேறெதைச் சேர்ப்பாள்? ஒரு சொட்டு குடித்தவளில்லை நான். அன்றைக்கு அசிங்கம், இன்றைக்கு அலங்காரம். என்னடா நியாயம் இது?

ஜூலை 17

வகுப்பில் ஒரு பெண்ணைக் காரணமில்லாமல் திட்டிவிட்டேன். அந்தக் கோபம் அவள்மேல் இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

ரிசார்ட் திறப்பு விழா. போனேன் — பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் கட்டைப்பையோடு.

பார் சுவரில் படங்களைச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்தான். கீழே பித்தளைத் தகடு: 'எங்கள் குடும்பச் சேகரிப்பு'. குடும்பமாம்!

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் வைத்தேன். விருந்தாளிகள் ஜூஸ் டம்ளரோடு நின்று பார்த்தார்கள்.

"அக்கா, மானத்த வாங்காத. எறங்கு."

"கிழிக்கிறப்ப என்னக் கேட்டியா நீ? தள்ளிப் போடா!"

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. அம்மா அழுதாள். அவனுக்காக.

ஐந்துதான் இருந்தன. பார்லி எங்கே? கேட்டதற்கு சூர்யா விருந்தாளிகள் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜூலை 24

அம்மா பேசுவதில்லை. "நான் போய் அவன் கால்ல விழணுமா?" என்றேன். சாதத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பேசாமலே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தம்பி மனைவி வானதி வந்தாள். கையில் பார்லி படம்.

"அவரு ஆபீஸ் ரூம்ல இருந்துச்சு, அண்ணி. நான்தான் கழட்டுனேன்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். கார்லதான் உக்காந்திருக்காரு."

நான் வாசலுக்குப் போகவில்லை. அவனை உள்ளே கூப்பிடவும் இல்லை.

"வெதநெல்லு மொளகட்டுன மாதிரியே இருக்கு" என்று படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "இத எப்படி ஒட்டுவீங்க?" என்றாள். புத்தகத்தையும், இன்னும் ஒட்டாத மற்ற ஐந்து படங்களையும், கோதுமைப் பசையையும் மெல்லிய தாளையும் எடுத்து வந்தேன். அறுபட்ட விளிம்பில் நான் பசை தடவ, அவள் பக்கத்தை நேராகப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே ஹாரன் அடித்தது.

"போகணுமா?" என்றேன்.

"இது காயட்டும், அண்ணி."

மறுபடி ஹாரன். நீளமாக. வானதி திரும்பிப் பார்க்கவில்லை. "அடுத்தத எடுங்க" என்றாள்.