வாரேன் என்று சொல்லாமல் போன மதினிக்கு

என் ஆசை மதினி,

போன வாரம் புதூர் பஸ்ஸில் உங்களைப் பார்த்தேன். அதே ஒல்லி உடம்பு, அதே மாதிரி வலது தோளில் துணிப்பை, ஜன்னலோர இருக்கை. "ஏ மதினி" என்று கூப்பிட்டே விட்டேன். திரும்பிய முகம் வேறு யாரோ. அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். விளாத்திகுளம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து வந்தேன். நீங்களாக இருந்திருந்தால் கண்டக்டர் நம்மை எத்தனை தடவை அதட்டியிருப்பார்?

இதை நம் ஆசிரியர் சங்கத்து ஆண்டு மலருக்காக எழுதுகிறேன். மரியபுஷ்பம் டீச்சரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் 'அன்னார்', 'அம்மையார்' என்றெல்லாம் வந்து நிற்கிறது. உங்களை அம்மையார் என்றால் உங்களுக்கே சிரிப்பு வரும். அதனால் கட்டுரையை விட்டுவிட்டேன். உங்களுக்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் கூட நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

கேட்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் என் அண்ணன் மனைவி இல்லை. எனக்கு அண்ணனே கிடையாது. நீங்கள் கிறிஸ்தவ வேதக்கார வீட்டுப் பெண், நாகலாபுரத்துப் பக்கம் ஒரு மேனேஜ்மென்ட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் ஆடு மேய்க்கிற வீட்டு மருமகள், புதூருக்குத் தெற்கே பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வந்துவிட்டு உள்ளே நுழையக் கூச்சப்பட்டு வாசலில் நின்றேன். "உள்ள வாங்க மதினி. இங்கன என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்காவ, இப்படி வெட்கப்படுதீங்க" என்று கையைப் பிடித்து இழுத்தீர்கள். அன்றைக்கு ஒட்டிய முறைதான். கொஞ்ச நாளில் நான் உங்களுக்கு 'ஏட்டி சம்முவத்தாய்' ஆனேன், நீங்கள் எனக்கு மதினியாகவே இருந்துவிட்டீர்கள்.

உங்களிடம் ஒரு பழக்கம். எங்கிருந்து கிளம்பினாலும் 'வாரேன்' சொல்லாமல் நகர மாட்டீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம்கூடச் சொல்வீர்கள். வட்டாரச் செயலாளர் என்ற முறையில் கூட்டத்தை முடிக்கிறபோதும் நன்றியுரை, வணக்கம் எதுவும் கிடையாது. "அப்போ வாரேன். எல்லாரும் அடுத்த கூட்டத்துக்கு வந்துருங்க." அதோடு கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். சொல்லாமல் எழுந்து போகிறவர்களை உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது. அப்படிப்பட்ட நீங்கள் ஒரு காலையில், பள்ளிக்கூடத்துக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்கள். இது நியாயமா மதினி?

எமர்ஜென்சி நேரத்தில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது நம் சங்கத்தில் டீச்சர்கள். அந்தக் காலத்தைச் சொன்னால் கதை கேட்பதுபோல் கேட்கிறார்கள். அஞ்சு பேர் சேர்ந்து நின்று பேசினால் யாராவது வந்து என்ன பேச்சு என்று கேட்ட காலம் என்றால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கிறது அவர்களுக்கு. நம் வட்டாரக் கூட்டத்துக்கு அனுமதி இல்லை என்றார்கள். கல்யாண மண்டபக்காரர் சாவி தொலைந்துவிட்டது என்றார். உங்கள் கோயில் சாமியார்கூட, ஜெபத்துக்கு என்றால் சரி, சங்கத்துக்கு என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்.

ஆனால் கூடாமல் இருக்கவும் முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை உறுப்பினர்கள் கூடி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கிளை செல்லாது என்பது நம் சங்கத்து விதி. கிளை செல்லாமல் போனால், நாளைக்கு ஒரு வாத்தியாரை வேலையை விட்டு நிறுத்தினால் அவருக்காகப் பேச ஒரு வாய் இருக்காது. இது உங்கள் பள்ளிக்கூட மேனேஜருக்கும் தெரியும். சங்கத்தை விட்டு விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி உங்களைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "இனி எழுதியும் தர வேண்டாம் டீச்சர். இந்த வருஷம் உங்களால கூட முடியாது. சங்கம் தானா செத்துரும்."

அந்த வாரம்தான் என் மாமனார் இறந்துபோனார். சேதி கேட்டு முதல் பஸ்ஸில் வந்தீர்கள். அழுது முடித்த பிறகு என்னையும் என் வீட்டுக்காரரையும் ஓரமாகக் கூப்பிட்டு, குரலே எழும்பாமல் கேட்டீர்கள்.

"தப்பா நினைச்சிராதீங்க அண்ணாச்சி. செத்த வீட்டுல துட்டி கேக்க வாரதுக்கு எவன்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டாம். வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம வாத்தியாருமாரு எல்லாரும் இங்கன துட்டிக்கு வரட்டுமா? மாமாவுக்கு உண்டான மரியாதையில ஒரு குறையும் வராது. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க, நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கிட மாட்டேன்."

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். செத்த வீட்டைக் கூட்டத்துக்குக் கேட்கிறாளே என்று கோபம் வந்துவிடுமோ என்று பயம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க அய்யா இருந்தா அவரே பாய் விரிச்சுப் போட்டிருப்பாரு டீச்சர். ஆட்டுக்கு அடுத்து ஆளுகள கூட்டி வச்சுக்கிடுததுதான் அவருக்குப் பிடிக்கும்" என்றார். நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. கரிசல் மண்ணில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம். ரோட்டில் இறங்கிய வாத்தியார்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலில் அப்பம் அப்பமாய் மண் ஒட்ட, வரிசையாக நடந்து வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு போலீஸ் ஏட்டையாவும் வந்தார், சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு. மண் அடைத்துச் சக்கரம் சுற்றவில்லை. சைக்கிளை வேப்ப மரத்தில் சாய்த்துவிட்டு, பந்தல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். எழுந்து போங்கள் என்று யார் சொல்ல முடியும்? அவரும் துட்டிக்கு வந்தவர்தானே.

ஆண்கள் பந்தலில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாம் பெண்கள் உள்ளே தோளோடு தோள் கட்டி, தலையோடு தலை முட்டி அழுதோம். எனக்கு நிஜமான அழுகை. மாமனார் என்னை வேலைக்கு அனுப்பியவர், என் பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்தவர். அந்த அழுகைக்கு நடுவில் உங்கள் குரல் காதோரம் கேட்டது.

"அழுதுக்கிட்டே கேளுங்க. சங்கம் கலையாது. எந்த மேனேஜர் கேட்டாலும் யாரும் விலகல் எழுதிக் குடுக்கப்பிடாது. நிர்வாகிக பழைய ஆளுகளே. சம்மதமா?"

எல்லாத் தலையும் ஆடியது. அழுகிற தலை ஆடுவதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

ஆண்களுக்குக் கடுங்காப்பி கொண்டுபோனது நான்தான். தட்டை நீட்டும்போது ஒவ்வொருவரிடமும் உங்கள் வார்த்தையைச் சொன்னேன். சம்மதம் என்றால் குடிக்க வேண்டும், இல்லை என்றால் டம்ளரைத் தொடக் கூடாது. ஆயுசில் காப்பியை வாயில் வைக்காத ராசையா சார், மருந்து குடிக்கிற முகத்தோடு முழு டம்ளரையும் குடித்தார். முறைக்கு ஏட்டையாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். குளிருக்கு இதமாக ஊதி ஊதிக் குடித்தார். "ஏட்டி, போலீசும் நமக்கு ஓட்டுப் போட்டுட்டு" என்று பிறகு நீங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். ஆனால் அந்தச் சிரிப்பு வருவதற்கு ரொம்ப நாள் ஆனது.

துட்டி வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சாவு வீட்டுக்குத் திரும்பி வருவதாகச் சொல்வது ஆகாது. வந்த மாதிரியே பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். எல்லா வாத்தியார்களும் அப்படித்தான் எழுந்தார்கள். கூட்டம் நல்லபடியாக முடிந்த நிம்மதியோ என்னவோ, நீங்கள் படி இறங்கிப் பந்தலைத் திரும்பிப் பார்த்து, வழக்கமான குரலில் சொல்லிவிட்டீர்கள்.

"அப்போ வாரேன். எல்லாரும் அடுத்த கூட்டத்துக்கு..."

பாதியில் நிறுத்தினீர்கள். ஏட்டையா டம்ளரைக் கீழே வைத்தார். அவரும் இந்தக் கரிசல்காட்டு ஆள்தான்.

"துட்டி வீட்டுல வாரேன்னு சொல்லுத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார்.

வாய் தவறிவிட்டது என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். வேதக்காரருக்கு இந்த வழக்கம் தெரியாது என்று நானே சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். அவர் முன்னால் போய் நின்று, "நான் ஒருத்திதான ஏட்டையா சொன்னேன். இவிய யாரும் சொல்லலையே. வாங்க, போவோம்" என்றீர்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். சைக்கிளைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் வந்தார். யார் யாரைக் கைது செய்து கொண்டுபோகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

பொழுது சாயும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் பெயரைக் கேட்டார்கள். "துட்டிக்கு வந்தவியளையெல்லாம் யாரு குறிச்சு வைப்பா?" என்பதற்கு மேல் உங்களிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. துட்டி கேட்டதற்குக் கேஸ் போட்டால் ஊர் சும்மா இருக்காது என்று விட்டுவிட்டார்கள். மேனேஜர் விடவில்லை. ஸ்டேஷன் படி ஏறிய டீச்சர் என் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம் என்றார். இல்லாவிட்டால் விலகல் எழுதிக் கொடுங்கள் என்றார். நீங்கள் எழுதவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் மிளகாய்ப் பழம் பறிக்கப் போனதை நான் சொல்லக் கூடாது என்பீர்கள். சொல்லத்தான் போகிறேன். எரிகிற விரலை மோர்ச் செம்புக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். "இந்தக் கையால சாக்பீஸ் பிடிச்சா பிள்ளையளுக்குக் கண்ணு எரியும்ட்டி. வேலை இல்லாததும் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்ப்பீர்கள். சிரிப்பு வராது. ஓடைப் பக்கம் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் 'டீச்சர் டீச்சர்' என்று ஓடி வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். எனக்கு அன்றைக்கு அந்த மேனேஜர் மேல் வந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை.

எமர்ஜென்சி போனதும் நம் கிளை உங்களுக்காக மனுப் போட்டது. அப்படி ஒரு கிளையே இல்லை, கூட்டமே நடக்கவில்லை என்று மேனேஜர் வாதாடினார். கூட்டம் நடந்தது என்று காப்பி குடித்த எல்லாரும் போய் நின்று சொன்னார்கள். ராசையா சார் முதல் ஆளாகச் சொன்னார். நீங்கள் வேலைக்குத் திரும்பினீர்கள். உங்களைக் காட்டிக்கொடுத்ததும் அந்தக் கூட்டம்தான், உங்களைத் திரும்பக் கொண்டுவந்ததும் அதுதான்.

இப்போதைய சேதி சொல்லவா? மழை பரவாயில்லை. பருத்தி நன்றாக வந்திருக்கிறது. ராசையா சார் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது காப்பி இல்லாமல் இருக்க முடியவில்லையாம். உங்கள் துட்டிக்கு அந்த ஏட்டையா வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அன்னைக்கு அந்த அம்மா வாயத் திறக்காமப் போயிருந்தா எனக்கும் நிம்மதியா இருந்திருக்கும் டீச்சர்" என்றார். எழுந்து, முறைப்படி சொல்லாமல் போனார்.

இன்னொரு சேதி. நம் சங்கம் நடத்திய மறியலுக்குப் பிறகு மறுபடியும் கெடுபிடி. உங்கள் பள்ளிக்கூடத்தில் உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் எஸ்தர் என்ற பெண்ணிடம் விலகல் கேட்கிறார்கள். இப்போது மேனேஜர், பழையவரின் மகன். அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்து, "என்ன செய்யட்டும் டீச்சர்? வீட்டுல பயப்படுதாவ" என்று அழுதாள். இந்த நேரம் பார்த்துச் செயலாளர் பொறுப்பை என்னை ஏற்கச் சொல்கிறார்கள். உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பொறுப்பு. எனக்கு உங்கள் தைரியம் ஏது? உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது. யாரைக் கேட்பேன்?

சரி என்று சொல்லிவிட்டேன் மதினி. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம், என் வீட்டில்தான். இந்தத் தடவை யார் சாவையும் கடன் கேட்கப் போவதில்லை. கதவைத் திறந்து வைத்து, பெயர் சொல்லிக் கூட்டம் போடுகிறோம். எஸ்தரை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். அவளுக்காகப் பேச ஒரு வாய் எப்போதும் இருக்கும், என் உயிர் இருக்கிறவரை. இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்களை அடக்கம் செய்த அன்றைக்கு எல்லாரும் சொல்லாமல் கலைந்தோம். நானும் வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் வந்தேன். அன்றிலிருந்து அந்த வார்த்தை தொண்டையில் அப்படியே நிற்கிறது. கூட்டம் முடிந்ததும் உங்கள் கல்லறைக்கு வந்து நடந்ததைச் சொல்வேன். கிளம்பும்போது சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். ஆகாது என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

வாரேன் மதினி.

அண்ணன் இல்லாமலே உங்களுக்கு நாத்தனாராகிவிட்ட
சண்முகத்தாய்