வாசலில் ஒரு மெரூன் பியூக்

ஸ்பிரிங் ஹில், டென்னசி
3 ஏப்ரல் 1994, ஈஸ்டர் ஞாயிறு

அன்பு மார்லீன்,

நலமா? உன் அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பெரிய ஹாம் துண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒற்றை ஆளுக்கு நாலு நாளைக்குக் காணும்.

நீ அனுப்பிய விவாகரத்துக் காகிதம் வந்து சேர்ந்தது. படித்தேன். மறுபடி உறையில் போட்டு ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. தொலைபேசியில் பேசலாம் என்றால் நமக்கு மூன்றாவது நிமிடமே சண்டை வந்துவிடும். கடிதம் என்றால் நான் சொல்வதை நீ முழுசாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இங்கே ஒரு விசேஷம் வருகிறது. எங்கள் சாட்டர்ன் கார் வாங்கியவர்கள் எல்லோரையும், அவரவர் வண்டி பிறந்த இடத்துக்கே ஓட்டி வாருங்கள் என்று கம்பெனி அழைத்திருக்கிறது. ஜூன் 24, 25. கார் வாங்கியவன் அதைச் செய்தவனைப் பார்க்க வருகிறான் என்று நீ எங்காவது கேள்விப்பட்டதுண்டா? ஃபிளின்ட்டில் பியூக் கார் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் கதவு மாட்டினேன். ஒரு ஈ காக்காய் என்னைத் தேடி வந்ததில்லை. இங்கே கடிதம் எழுதுகிறார்கள், மார்லீன். போன வாரம் ஒரு அம்மாள் எழுதியிருந்தாள்: சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி வந்து கதவில் இடித்ததாம், உள்ளே போன பிளாஸ்டிக் கதவு தானே வெளியே வந்து பழையபடி ஆகிவிட்டதாம். "இந்தக் கதவ மாட்டுன புண்ணியவான் யாரோ, அவருக்கு ஒரு நன்றி" என்று முடித்திருந்தாள். அதைச் சாப்பாட்டு அறையில் ஒட்டியிருக்கிறோம். நான் தினமும் பார்க்கிறேன். சிரிக்காதே.

நீயும் வா. இந்த நாலரை வருஷத்தில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு தடவை உன் கண்ணால் பார். அதற்கப்புறம் நீ என்ன சொன்னாலும் சரி.

உன்,
டெல்


ஃபிளின்ட், மிச்சிகன்
17 ஏப்ரல் 1994

டெல்லுக்கு,

அப்பாவின் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. அவர் வாய்க்கும் ஒன்றும் இல்லை. உன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனது என் தப்பு. படித்துவிட்டு, "தள்ளுவண்டி இடிச்சா உள்ள போயிட்டு வெளிய வர்றதுக்குப் பேரு கதவா? அது பால் டப்பாடி! கார்னா இரும்புல இருக்கணும்" என்றார். இரண்டு வண்டிக்கும் முதலாளி ஒருவன்தான் என்று அவரிடம் யார் சொல்வது? அவருக்கு பியூக் ஒன்றுதான் கார். மற்றதெல்லாம் நாலு சக்கரம் வைத்த சாமான்.

நான் சிரிக்கவில்லை. படிக்கும்போது கோபம்தான் வந்தது. யாரோ முகம் தெரியாத அம்மாள் எழுதியதைத் தினமும் பார்க்கிறாயாம். நான் எழுதியதெல்லாம் எங்கே ஒட்டியிருக்கிறாய்?

எனக்கு உன் கார் மேல் கோபமில்லை, டெல். அது உனக்குத் தெரியும். "ரெண்டே வருஷம் மார்லி, புடிக்கலன்னா பழைய வேலைக்கே திரும்பிடலாம்" என்றாயே, அதுதான். அப்படித் திரும்ப முடியாது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நீ டென்னசிக்கு வண்டி ஏறினாய். அதை எனக்கு யார் சொன்னது? சீட்டாட வந்த இடத்தில் யூனியன்காரன் ஒருவன், கையில் சீட்டை வைத்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர்தான் திரும்பி வர்ற உரிமையையே எழுதிக் குடுத்துட்டாரேம்மா" என்றான். எட்டுப் பேர் நடுவில். நான் ஏதோ ஏற்கெனவே தெரிந்த மாதிரி தலையாட்டினேன். அந்த ஆட்டத்தில் ஜெயித்தேன் வேறு.

வருவேன் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சமையலறை ஜூன் பத்தாம் தேதியோடு மூடிவிடும். அவ்வளவுதான் சொல்கிறேன்.

மார்லீன்


ஸ்பிரிங் ஹில்
8 மே 1994

அன்பு மார்லி,

நீ சொன்னது முழுக்கச் சரி. அந்தத் தாளைப் பற்றி நான் மறைத்தேன். சொல்லியிருந்தால் "போகாதே" என்றிருப்பாய். நீ சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். போக வேண்டும் என்று வெறி. ஒன்றுமில்லாத சோளக்காட்டில் ஒரு கார் புதிதாகப் பிறக்கப் போகிறது, நானும் கூட நிற்கப்போகிறேன் என்ற வெறி. தொண்ணூறாம் வருஷம் ஜூலையில் முதல் வண்டி வெளியே வந்தபோது எல்லோரும் கைதட்டினோம், அழுதோம். திரும்பிப் பார்த்தால் ஒவ்வொருத்தன் பக்கத்திலும் அவன் பெண்டாட்டி. என் பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாய். அன்றைக்குத்தான் நான் செய்தது எனக்கு உறைத்தது. மன்னித்துவிடு. இதை நாலு வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்.

நீ எழுதியதெல்லாம் எங்கே என்று கேட்டாய். படுக்கைக்குப் பக்கத்தில், ஷூ பெட்டியில். முப்பத்தொன்று இருக்கிறது, மின் கட்டணம் பற்றி எழுதியதையும் சேர்த்து. சமையலறையில் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டேன். ஒன்று இன்னும் புதுசாகவே இருக்கிறது. உன் குரல் கேட்காமல் வீடு வீடாகவே இல்லை, மார்லி.

விசேஷத்தன்று எனக்கு வாசலில் வேலை. மஞ்சள் மழைக்கோட்டும் கொடியும் கொடுத்து, வரும் வண்டிகளை வரிசையில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. அத்தனை ஆயிரம் சாட்டர்ன் நடுவில் நீ உன் அப்பாவின் மெரூன் பியூக்கில் வந்தால் கால் மைலுக்கு அப்பாலேயே தெரிந்துவிடும். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு நாளும், காலை முதல் சாயங்காலம் வரை.

நீ வராவிட்டால் உன் பதில் அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். மறுநாளே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். இனி உன்னை இழுத்தடிக்க எனக்கு உரிமை இல்லை.

உன்,
டெல்


ஃபிளின்ட்
12 ஜூன் 1994

டெல்,

கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. நீ மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன். எனக்கும் அதைக் காதால் கேட்டுப் பழக்கமில்லை.

பள்ளிக்கூடம் மூடிவிட்டது. தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டேன். அப்பா ஒரு வாரமாக என்னோடு பேசுவதில்லை. ஏன் என்று கேட்காதே. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார், உப்பு வேண்டுமென்றால் உப்பு டப்பாவைப் பார்த்து முறைக்கிறார்.

இரண்டாவது நாற்காலி என்ன நிறம்?

மார்லீன்


ஸ்பிரிங் ஹில்
26 ஜூன் 1994, ஞாயிறு

அன்பு மார்லீன்,

சிவப்பு. பதில் எழுதவில்லை, நேரில் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

இரண்டு நாளும் நின்றேன். நான் என் வாழ்நாளில் இத்தனை கார்களைப் பார்த்ததில்லை. கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருந்தார்கள், அலாஸ்காவிலிருந்து வந்திருந்தார்கள். ஜன்னலை இறக்கி, "நீங்களா செஞ்சீங்க? கையக் குடுங்க சார்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருத்தர் தன் வண்டிக்குப் பெயர் வைத்திருந்தார். இதற்காகத்தானே நாலரை வருஷம் காத்திருந்தேன்? ஆனால் எனக்கு ஒருவர் முகமும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் பின்னால் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாளில் ஒரே ஒரு பியூக் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம். மெரூன்தான். கொடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். உள்ளே ஒரு கிழவர். நாஷ்வில் போகும் வழியைக் கேட்டார்.

மழை பிடித்துக்கொண்டு ஊற்றியது. யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது, விழவும் செய்தேன். பச்சை சாட்டர்னில் ஒரு பெண்பிள்ளை, மூன்று முறை சுற்றிச் சுற்றி அதே வரிசைக்கு வந்தாள். கண்ணாடியெல்லாம் ஆவி. மூன்றாம் முறை ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றாள், அவள் காருக்குப் பின்னால் சாலையே எனக்குத் தெரியவில்லை. "முன்னாடி போங்கம்மா! பின்னாடி வர்ற வண்டிய மறைக்கிறீங்க!" என்று கத்தி, கூரையில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பினேன். விருந்தாளியிடம் அப்படி நடந்திருக்கக் கூடாது.

சனிக்கிழமை இருட்டும்வரை நின்றேன். நீ வரவில்லை. உன் மேல் வருத்தமில்லை, மார்லி. பொய்யை முதலில் சொன்னவன் நான்.

கையெழுத்துப் போட்ட காகிதம் இதோடு இருக்கிறது. உன் அப்பாவுக்கு என் வணக்கம். நீ நன்றாக இருக்க வேண்டும்.

டெல்பர்ட்


ஃபிளின்ட்
1 ஜூலை 1994

அட மடையா,

அந்தப் பச்சை வண்டிக்காரி நான்தான்.

இரு, முதலிலிருந்து சொல்கிறேன். ஜூன் மாதம் ஆறாம் தேதி ஊருக்கு வெளியே உள்ள கடைக்குப் போய் ஒரு சாட்டர்ன் வாங்கினேன். சமையலறையில் எட்டு வருஷம் உருளைக்கிழங்கு மசித்துச் சேர்த்த பணம். பேரம் பேச ஆசையாகப் போனால், "எல்லாருக்கும் ஒரே விலைதாம்மா" என்றுவிட்டான் அந்தப் பையன். நான் கதவைத்தான் பார்த்தேன். "இத மாட்டுனது யாரு?" என்று கேட்டேன். "அங்க மாட்டுறவங்க நிறையப் பேரும்மா" என்றான். நீதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சாவி கொடுக்கும்போது கடையில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்று கைதட்டி, புகைப்படம் எடுத்தார்கள். வெட்கத்தில் அழுதுவிட்டேன். படத்தை இதில் வைத்திருக்கிறேன். பார்.

வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் அப்பா என் சாவிக்கொத்திலிருந்து பியூக் சாவியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். அன்றோடு பேச்சு நின்றது. அது போகட்டும். உன் முன்னால் உன் காரிலேயே வந்து இறங்க வேண்டும், நீ வாயைப் பிளக்க வேண்டும். அதுதான் என் ஆசை. அறுநூறு மைல், டெல். தனியாக. ஒவ்வொரு தடவை பெட்ரோல் போட்டுக் கதவைச் சாத்தும்போதும் உன் கை மேல் என் கை பட்ட மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லிவிடாதே.

உன்னை மஞ்சள் கோட்டில் பார்த்தேன். நீ கொடியை ஆட்டினாய். உன் கண் என் தலைக்கு மேலே எங்கோ போயிற்று. மழை என்று நினைத்து மறுபடி சுற்றி வந்தேன். மறுபடியும் அப்படியே. மூன்றாம் தடவை ஹாரன் அடித்தேன், நீ என் கூரையைத் தட்டி விரட்டினாய். வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கி நடந்து வந்திருக்கலாம். வரவில்லை. இவன் வேறு யாரையோ அல்லவா இப்படித் தேடுகிறான் என்று என் புத்தி போயிற்று. அப்படியே வடக்கே திரும்பிவிட்டேன். கென்டக்கி முழுக்க அழுதேன், ஒஹாயோ முழுக்கத் திட்டினேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தவள்தான். பியூக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று தெளிவாக எழுதியிருந்தாய். எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்றே படித்திருக்கிறேன்.

நேற்று உன் உறை வந்தது. படித்துவிட்டுச் சமையலறையில் நின்றுகொண்டே சத்தம் போட்டு அழுதேன். அப்பா வந்து, கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, மூன்று வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார். "ரெண்டு நாளா மழையில நின்னு என் வண்டியத் தேடியிருக்கானா?"

"ஆமாப்பா."

"மூதேவி. கண்ணாடி போடச் சொல்லு அவன." பிறகு பியூக் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல போ. இதுன்னா அவன் கண்ணுக்குத் தெரியும்."

நீங்கள் கடைக்கு எதில் போவீர்கள் என்று கேட்டேன். ஜன்னல் வழியாகப் பச்சை வண்டியை வெகுநேரம் பார்த்தார். "அந்த டப்பா சாவிய இங்கயே வெச்சிட்டுப் போ. எவன்கிட்டயாவது சொன்னே, பாரு" என்றார்.

நீ இங்கே திரும்பி வர முடியாது. அந்த உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாய். அங்கே வரும் உரிமையை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. தங்குவேனா என்று இப்போதே கேட்காதே. பள்ளிக்கூடம் ஆகஸ்ட் கடைசியில்தான் திறக்கிறது. உன் காகிதத்தையும் கொண்டு வருகிறேன். என் கையெழுத்துக்கு விட்ட இடம் இன்னும் காலிதான். அதை என்ன செய்வதென்று இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம். சிவப்பு நாற்காலி எனக்கு.

சனிக்கிழமை, ஒன்பதாம் தேதி, மத்தியானம் வந்து சேருவேன். அதே வாசலில் நில். கோட்டும் கொடியும் வேண்டாம். வண்டியைப் பார்க்காதே டெல், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்.

உன்,
மார்லி