கறி கிண்ணத்திலேயே இருந்தது

என்னங்க,

உங்களுக்கும் அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் உடம்பு சுகம்தானே? உங்கள் முதுகுவலிக்குத் தைலம் தீர்ந்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு நாளைக்கு என்று இழுக்காதீர்கள்.

நேற்று இங்கே ஒரு கூத்து. என்னோடு ரூமில் இருக்கும் அக்கா சீன ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர். லீவு நாளாயிற்றே, டம்ப்ளிங் செய்யலாம் என்றார்; நம்ம கொழுக்கட்டை மாதிரி, உள்ளே கறி வைத்தது. கோழிக்கறியையும் முட்டைக்கோசையும் பொடியாக நறுக்கிப் பிசைந்து வைத்துவிட்டு, மாவை அப்பளம்போல் தேய்த்துத் தள்ளினார். கறியை உள்ளே வைத்து, மடித்து மூடுவது என் வேலை. தினமும் பத்து மணி நேரம் திரைச்சீலைக்கு மடிப்பு வைத்துத் தைக்கிறவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? கை அது பாட்டுக்கு ஓடியது. தட்டு நிறைய அடுக்கிவிட்டேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். "ஏண்டி, கறி அப்படியே கிண்ணத்துல இருக்கே! உள்ள என்னத்தடி வச்சே?"

ஒன்றுமே வைக்கவில்லை. நாற்பதும் வெறும் மாவு. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு கறியைத் தனியாக வதக்கி, வெந்த மாவுக்குத் தொட்டுக்கொண்டு தின்றோம்.

பாப்பாவின் பள்ளிச் சட்டை இறுக்கினால் பக்கத் தையலைப் பிரித்துவிடுங்கள். உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைத்தேன். அப்புறம், போனில் 'எல்லாரும் நல்லா இருக்கோம்' என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். என்ன குழம்பு, யார் யாரோடு சண்டை, எல்லாம் சொல்லுங்கள்.

கம்பெனி வேன் வந்துவிட்டது. நான் நல்லா இருக்கேன்.