ஆளை விழுத்தின மோட்டச்சைக்கிள்

என்ரை இஞ்சாருங்கோவுக்கு,

பேர் சொல்லி உங்களைக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. கலியாணம் கட்டின நாளிலை இருந்து இஞ்சாருங்கோதான். இப்பவும் குசினிக்குள்ளை நிண்டு அப்பிடித்தான் வாயிலை வருது. கூப்பிட்டுப்போட்டுப் பிறகு அடுப்பைப் பாத்துக்கொண்டு நிப்பன்.

உங்கடை ஆட்டத்திவசம், அந்த முதலாம் வருசத் திதி, போன கிழமை முடிஞ்சுது. ஐயர் படலை தாண்டினதும் மாமி சொன்ன முதல் கதை என்ன தெரியுமே? "ஆளை விழுத்தின மோட்டச்சைக்கிள் வளவுக்குள்ளை நிக்கக் கூடாது பிள்ளை. பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துத் துலைச்சு விடு." பெத்த பிள்ளையைப் பறிகுடுத்த மனிசி, நான் என்னத்தைச் சொல்ல? வழக்கு முடிஞ்சு பொலிஸ் திருப்பித் தந்த நாளிலை இருந்து அது கொட்டிலுக்குள்ளை படங்கு மூடிக் கிடக்குது. முன்சில்லு நெளிஞ்சு, ஹாண்டில் முறுகிப் போச்சு. எஞ்சினிலை மட்டும் ஒரு கீறல் இல்லை. அந்த டிப்பர் லொறி உங்களை மட்டும் பாத்துத்தான் அடிச்சதோ?

அடுத்த நாள் குகன் அண்ணை வந்தார். உங்களோடை சேந்து குழாய் குழாயா வெல்டிங் பண்ணி, ஓட்டோச் சில்லுப் பூட்டி, அந்தச் சின்ன றேஸ் காரைச் செய்த கூட்டாளி. முற்றத்திலை நிண்டு தன்ரை செருப்பைப் பாத்துக்கொண்டு கேட்டார்: "தங்கச்சி, கோவிக்காதையும். கார் எஞ்சின் இல்லாமல் கிடக்குது. அவன்ரை மோட்டச்சைக்கிள் எஞ்சினைக் கழட்டிப் பூட்டட்டே?"

எனக்கு வந்த விசர்! "ஆளைக் கொண்டுபோன எஞ்சினிலை உங்களுக்கு விளையாட்டோ? போங்கோ வெளியிலை!" எண்டு கத்திப்போட்டன். பாவம், வந்த வழியே திரும்பிப் போனார்.

ஓம், எனக்குத் தெரியாதே? அந்தக் காருக்காகத்தானே அண்டைக்கு வெளிக்கிட்டீங்கள். சுன்னாகத்திலை பழைய இரும்புக்குள்ளை பொறுக்கின எஞ்சின், பிஸ்ரன் இறுகிப்போச்சு எண்டு வேறை ஒண்டு தேடிப் போனீங்கள். ஓடி முடிஞ்ச மோட்டச்சைக்கிளுக்குள்ளையும் இன்னும் ஓட்டம் கிடக்குதெண்டு சொல்லுவீங்கள். "தேத்தண்ணியை வையும் வதனி, வந்திடுறன்" எண்டு சொல்லிப்போட்டு ஒரு மனிசன் வராமல் இருக்கலாமே?

அந்தச் சுன்னாகத்து எஞ்சினை முதல் பூட்டின நாள் ஞாபகமிருக்கே? சங்கிலிப் பக்கம் பொருந்தேல்லை எண்டு, எஞ்சினையே முன்பின்னாத் திருப்பி வைச்சுப் பூட்டினீங்கள். நான் சில்லுகளுக்கு முன்னாலை தேசிக்காய் வைச்சுத் தேங்காய் உடைச்சன். நீங்கள் பெரிய ராசா மாதிரி ஏறியிருந்து கியரைப் போட, கார் தேசிக்காயை விட்டுப்போட்டுப் பின்பக்கமாப் பாய்ஞ்சு வாழைக்குள்ளை போய் நிண்டுது. எஞ்சினைத் திருப்பி வைச்சால் சில்லும் மறுபக்கம்தான் சுத்துமெண்டு அந்த இரண்டு பெரிய மூளையளுக்கும் படேல்லை! "எல்லாக் கியரும் றிவேர்ஸ் கியரா இருக்கிற கார் உலகத்திலை இது ஒண்டுதானப்பா" எண்டு வாழைக்குள்ளை இருந்து சொன்னீங்கள். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு நொந்து போச்சு. அப்பிடி ஒரு சிரிப்பு இனி எனக்கு எங்கை வரப்போகுது?

நேற்றுப் பின்னேரம் இரும்புக்காரனின்ரை லொறி படலையடியிலை வந்து நிண்டுது. மாமிதான் வரச் சொல்லியிருக்கிறா. உடைச்சு ஏத்தினால் லேசெண்டு அந்த ஆள் சம்மட்டியோடை இறங்கினார். "கொஞ்சம் பொறுங்கோ" எண்டன். என்ன நினைச்சனோ தெரியாது, மோட்டச்சைக்கிளிலை திறப்பைப் போட்டுத் திருகிக் கிக்கரை மிதிச்சன். மிதிக்க மிதிக்க, இருமி இருமி, கடைசியாப் பிடிச்சிட்டுது.

அதே சத்தம். ஒழுங்கை முடக்கிலை நீங்கள் திரும்புறது கேக்கேக்கையே நான் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பிலை வைக்கிற அதே சத்தம்.

உள்ளை படுத்திருந்த மாமி தலைமயிரை முடியாமல் ஓடிவந்தா. "தம்பி வந்திட்டானே பிள்ளை?" எண்டு கேட்டா. கேட்டுப்போட்டுத்தான் என்ரை முகத்தைப் பாத்தா. ஐயோ, அவவின்ரை அந்த முகத்தை நீங்கள் பாக்காததே நல்லது. இரண்டு பேரும் மண்ணிலை இருந்து குழறி அழுதம். பிறகு அவவேதான் மூக்கைச் சீறிப்போட்டுச் சொன்னா: "லொறியைப் போகச் சொல்லு."

குகன் அண்ணைக்குப் போன் எடுத்தன். "வந்து கழட்டுங்கோ. இந்த முறையெண்டாலும் முன்பின் பாத்துப் பூட்டுங்கோ" எண்டன். அந்தப் பக்கத்திலை சிரிக்கத் தொடங்கின குரல் உடைஞ்சு போச்சு. அழுறார் எண்டு விளங்கிச்சுது.

குகன் அண்ணையாக்கள் காங்கேசன்துறைப் பக்கம் ஒரு வெறுங்காணியிலை காரை ஓடிப் பாக்கப் போகினம். நான்தான் முதல் ஓடுவன் எண்டு சொல்லிப்போட்டன். மோட்டச்சைக்கிளிலை எப்பவும் உங்கடை முதுகுக்குப் பின்னாலை, இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவள் நான். காரிலை எஞ்சின் சீற்றுக்குப் பின்னாலை. இனி அந்தச் சத்தம் என்ரை முதுகுப் பக்கம் இருந்து வரும்.

ஒரு சத்தியம் பண்ணுறன், கேளுங்கோ. காணி முடியுமட்டும் ஓடுவன். பயப்பிடமாட்டன். ஆனால் ஒருக்காலும் திரும்பிப் பாக்கமாட்டன். பாத்தால் அங்கை எஞ்சின் மட்டும்தான் இருக்கும்.

உங்கடை மனுசி,
வதனி