மாற்றுச் சப்பாத்து

மலாயா, 1951 நவம்பர், செவ்வாய் இரவு.

மழை விடவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் லெட்சுமி சொன்னதையே மனம் சுற்றிச் சுற்றி வருகிறது.

ஈரச் சப்பாத்தையே தினமும் போட்டு அவளுக்கு விரலிடுக்கெல்லாம் புண். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸரான நான்தான் சொன்னேன், விரலை நெருக்காமல் அகலமாக இன்னொரு ஜோடி வாங்கு, ஒன்று காயும்போது மற்றதைப் போடு என்று. கோலா சிலாங்கூர் டவுனில் வாங்கினாள். இன்று நனைந்தால் மாற்றிக்கொள்ள வாளியில் எடுத்துப் போனாள்.

காட்டுக்குச் சாமான் எதுவும் போகாமல் சோதிக்கும் தோட்டத்து முள்கம்பி வாசலில் காவலாளி பிடித்துக்கொண்டான். "ஒரு ஆளுக்கு எத்தன காலு? இது ஆம்பள சைசு. காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்கா கொண்டு போற?"

நான் போய்ச் சொன்ன பிறகே அவளை விட்டான். சப்பாத்தைத் தரவில்லை.

சாயங்காலம் மருந்து போட வெறுங்காலோடு வந்தாள். "இனிமே சப்பாத்தே வேணாங்கய்யா. புண்ணுன்னா நீங்க கட்டிவிடுவீங்க. நீங்க இல்லாதப்ப என்னய உள்ள தூக்கிப் போட்டா, புள்ளைய யாரு பாப்பா?"

புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டேன்.

என் மாற்று ஜோடி அடுப்போரம் காய்கிறது. அதைப் பையில் வைத்துக்கொண்டு அதே வாசலை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். பையைத் திறக்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.