காரின் நம்பர் பிளேட்

செவ்வாய்க்கிழமை, கிள்ளான், மலேசியா.

பழைய காரை விற்க என் வீட்டுக்காரர் இணையத்தில் படம் போட்டு மூன்று நாளாகிறது. சாப்பிடும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். விலை கேட்டு ஒருவர்கூட வரவில்லை. அம்பாங்கில் இருந்து ஒருவர் மட்டும், “பாஸ், கார் நம்பர் நல்லா இருக்குலா, இன்னைக்கே அந்த நம்பர்ல லாட்டரி எடுத்துப் பார்க்கிறேன்” என்று எழுதியிருந்தார். சிரித்துக்கொண்டே இவருக்குப் படித்துக் காட்டினேன். இவர் சிரிக்கவில்லை.

“பேங்க் பாஸ்வர்டே அந்த நம்பர்தான்” என்றார்.

பேங்க் மட்டுமா? இமெயில், கரண்ட் பில், எல்லாவற்றுக்கும் அதேதானாம். ஊரே பார்க்கட்டும் என்று சாவியை வாசலில் மாட்டிவிட்டு வந்திருக்கிறார், புத்திசாலி மனுஷன்! மகளின் காலேஜ் பணம் மொத்தமும் அங்கேதான் இருக்கிறது. அவசரமாகக் கணக்கைத் திறந்து பார்த்தோம். நல்லவேளை, பணத்தில் ஒரு வெள்ளிகூடக் குறையவில்லை.

முதலில் படத்தை இணையத்திலிருந்து நீக்கினோம். அப்புறம் ஒவ்வொரு பாஸ்வர்டாக மாற்ற உட்கார்ந்தோம். பேங்க் முறை வந்ததும் போனை என்னிடம் நீட்டினார்.

“நீயே போடு தேவி. உனக்கும் தெரிஞ்சிருக்கணும்லா.”

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அந்தக் கணக்குக்குள் நான் போனது இன்றுதான். சந்தோஷமாக இருந்தது.

புதிய பாஸ்வர்டு எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். மறந்துவிடக் கூடாதே என்று அதை எழுதி வைக்கத்தான் இந்த நோட்டைத் திறந்தேன். இரண்டு எழுத்து போட்ட பிறகுதான் உறைத்தது. கறுப்பாக அடித்துவிட்டேன்.

புத்திசாலி மனுஷனுக்கு ஏற்ற பெண்டாட்டி.