வளவனூருக்கு ஒரு ப்ளவுஸ்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். மேலே தகரக் கூரை, கீழே டயர் கடை, நடுவில் நாங்கள். ரப்பர் வாடையோடு வகுப்பு. திண்டிவனத்தில் இதைவிட மட்டமான மாடி கிடைத்திருக்காது.

இன்றைய பாடம்: அமெரிக்காவில் தலைமறைவான ஆளைப் பிடித்துக் கொடுத்தால் எவ்வளவு டாலர். அதே பழைய வீடியோ. தாடிக்காரர் ஒருவர் கதவை உதைக்கிறார். டை. (எங்கள் அகாடமி டைரக்டர் சார். முழுசாக எழுதக் கை வரவில்லை) கண் கலங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நம்ம ஊர்லயும் இந்த சிஸ்டம் வரப்போவுது. வரும்போது டிரெய்னிங் எடுத்த ஆளுங்க யாரு? நீங்கதான்.”

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

மின்னல் டிரேசிங் அகாடமி. மூன்று மாதக் கோர்ஸ். எனக்கு ஏழாவது மாதம் ஓடுகிறது. பரீட்சை என்று ஒன்று வைத்தால்தானே முடியும். இதுவரை கற்றது: விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் நின்று, தவணை கட்டாத வண்டி வந்தால் நம்பர் பார்த்து போன் செய்வது. பையன்கள் வண்டியைத் தூக்குவார்கள். நான் வீடுகளில் கதவு தட்டுகிற ஆள். பொம்பளைப் பிள்ளை தட்டினால் திறப்பார்கள் என்பது டை.யின் கண்டுபிடிப்பு. திறக்கத்தான் செய்கிறார்கள். சம்பளம் இல்லை. ‘அனுபவம்.’

செய்ய வேண்டியது:
– தலைக்குக் குளிக்கணும்
– அம்மாவுக்கு போன்
– ஒரிஜினல் கேட்கணும். இன்றைக்கே. அழாமல்.

வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் ரேஷன் கடை விற்பனையாளர் வேலைக்கு நேர்காணல். கிளியனூரில் எங்கள் வீட்டுக்கு நேர்காணல் கார்டு வந்து, பக்கத்து வீட்டு அக்கா போட்டோ எடுத்து அனுப்பினார். ஒரிஜினல் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. என் டிகிரி, பிளஸ் டூ, சாதிச் சான்று மூன்றும் டை. பீரோவில். சேர்ந்த அன்றைக்கே ‘பாதுகாப்புக்கு’ வாங்கிப் பூட்டியது.

கேட்டேன். சிரித்தார். “தரேன் வெண்ணிலா. ஒரு பிராக்டிகல் பாக்கி இருக்குதே. விமலாவைக் கண்டுபிடி. உன் ஃபைலை எடுத்துக்கினு போ.”

விமலா என் பேட்ச். ஹாஸ்டலில் பக்கத்துப் பாய். போன மாதம் டை. பிரியாணி தின்றுவிட்டுக் கை கழுவப் போன நேரம், மேஜைமேல் கிடந்த சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, தன் ஃபைலோடு போய்விட்டாள். தன் ஃபைல் மட்டும். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஓடினவர்களைப் பிடிக்கக் கற்றுத்தருகிற இடம் இது. இங்கிருந்தே ஒருத்தி ஓடினால் மிச்சம் இருப்பவர்களுக்கு அவள்தான் பாடம். வண்டி தூக்குகிற சுரேஷ் இரண்டு முறை செஞ்சிப் பக்கம் அவள் அம்மா வீட்டுக்குப் போய் வெறுங்கையோடு வந்தான்.

அம்மா: “வெள்ளிக்கிழமைக்கு எந்தப் பொடவை கட்டப்போற?” பச்சை என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். தூக்கம் சரியில்லை.

போலீசுக்குப் போகலாமா என்று யோசித்தேன். ஸ்டேஷனில் தனக்கு ஆள் இருக்கிறது என்று டை. சொல்லிக்கொள்கிறார். உண்மையோ புருடாவோ. புருடாவாகவே இருந்தாலும் வெள்ளிக்குள் ஃபைல் கைக்கு வருமா? வராது.

சும்மா கண்டுபிடித்து மட்டும் பார்ப்போம், சொல்வதா வேண்டாமா என்பது அப்புறம். இப்படித்தான் என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

சுரேஷுக்கும் டை.க்கும் தோன்றவே தோன்றாத ஒன்று எனக்குத் தெரியும். விமலா ஊரை மாற்றுவாள், சிம்மை மாற்றுவாள், டெய்லரை மாற்ற மாட்டாள். கழுத்து சரியாக வெட்டுகிற ஆளை யார் விடுவார்கள்? மார்க்கெட் பக்கம் அந்தக் கடைக்குப் போனேன்.

டெய்லர் அக்கா நிமிரக்கூட இல்லை. “விமலாவா? மாம்பழக் கலர் ப்ளவுஸ்தானே, தச்சு வச்சிக்கினுதான் இருக்கேன். வளவனூர்ல அவ அக்கா வூட்ல கீறாளாம். ரைஸ் மில் பின்னாடி தெரு. நீ அந்தப் பக்கம் போறியா கண்ணு? கொடுத்துடேன்.”

கையில் ப்ளவுஸ். ஆட்டோ செலவுகூட இல்லாமல் விலாசம். திரும்பி நடக்கும்போது சிரிப்பு வந்தது. நான் இந்த வேலையில் கெட்டிக்காரி. இதைப் போய் யாரிடம் சொல்லிக்கொள்வது.

டை.யிடம்: “வளவனூர் பக்கம் ஒரு தகவல் சார். நாளைக்குப் போய்ப் பார்க்கறேன்.” தெருப் பெயர் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

விழுப்புரம் வரைக்கும் உட்கார இடம் இல்லை. அங்கே பஸ் மாறி வளவனூர். லேசாகத் தூறல்.

ரைஸ் மில் தெரு. நீலக் கதவு. மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. இதுவும் சொல்லிக்கொடுத்ததுதான்.

விமலா திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. நான் ப்ளவுஸ் பையை நீட்டினேன். பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “டெய்லரக்காவா?” என்றாள். ஆமாம் என்றேன். பிறகு இருவருக்கும் சிரிப்பு. அடக்க முடியவில்லை.

உள்ளே கூட்டிப்போய் வேகவைத்த மல்லாட்டை வைத்தாள். அக்கா வயல் வேலைக்குப் போயிருக்கிறாராம். கேட்டே விட்டேன்: “என்னுதையும் எடுத்திருக்கலாம்ல?”

“தேடுனேன்டி. உன்னுது அடித்தட்டுல இருந்துச்சு. குனியணும். அதுக்குள்ள குழாய மூடுற சத்தம் கேட்டுச்சு. ஓடியாந்துட்டேன்.” ஒரு கடலையை உரித்துக்கொண்டே, “தெனமும் அதைத்தான் நெனச்சுக்கினு இருக்கேன்.”

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. போய்விட்டது.

அவளுக்கும் கார்டு வந்திருக்கிறது. அதே நேர்காணல், அதே வெள்ளிக்கிழமை. ஃபைலை டிவி மேலே எடுத்து வைத்திருந்தாள், கார்டை அதற்கு மேல். மத்தியானம் முழுக்க ஒருத்தி அதிகாரி, ஒருத்தி வேலை கேட்டு வந்த ஆள் என்று மாறி மாறிக் கேள்வி கேட்டோம். “எடை குறைக்கிறீங்கன்னு சண்டைக்கு வந்தா இன்னா பண்ணுவீங்க?” “தராசை அவங்க பக்கம் திருப்பி வைப்பேங்க.” மார்க் போட்டாள்.

நான் வெள்ளிக்கு எப்படியும் வந்துவிடுவதாகச் சொன்னேன். எப்படி என்று அவளும் கேட்கவில்லை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்துச் சேர்ந்து போவதாகப் பேச்சு.

சாயங்காலம் டை.யிடம்: “வீடு பூட்டிக் கெடக்குதுங்க சார்.”

“சரிமா. சாப்டுட்டுப் படு.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

ஜூலை 10, வியாழன்

எழுதியே ஆகணும்.

முதல் விதி: பிராக்டிகல் போகும்போது போனில் லைவ் லொக்கேஷனைப் போட்டு அகாடமி வாட்ஸாப் குரூப்பில் விடவேண்டும். புதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். நேற்று பஸ் ஏறும்போது பழக்கத்தில் போட்டிருக்கிறேன். பல் தேய்ப்பது மாதிரி. நினைவே இல்லை.

டை. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நேற்றே எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட், ரைஸ் மில் தெருவில் நீலப் புள்ளி. “பூட்ன வூட்டு வாசல்ல மத்தியானம் பூரா உக்காந்துக்கினு இருந்தியா?”

அதற்குள் காரியம் முடிந்திருந்தது. காலையில் சுரேஷும் புதுசாகச் சேர்ந்த பெண் ஒருத்தியும் காரில் போயிருக்கிறார்கள். அந்தப் பெண் தட்டியிருக்கிறாள். மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. நான் என்று நினைத்து விமலா திறந்திருக்கிறாள். சுரேஷ் ஆளைத் தொடவில்லை. டிவி மேலிருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு காரில் உட்கார்ந்துவிட்டான். அவளே பின்னால் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். இதை என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

ஆபீசில் விமலா நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: “ப்ளவுஸ் எடுத்தாந்தப்பவே போன்ல லொக்கேஷன் ஆன்லதான் இருந்துச்சா?”

“ஆமா.” மறந்துவிட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் காதுக்கே பொய்யாகக் கேட்கும்.

டை. பீரோவைத் திறந்து அடித்தட்டிலிருந்து என் ஃபைலை எடுத்தார். அந்த இடத்தில் அவளுடையதை வைத்தார். “வெண்ணிலா பாஸ்,” என்றார்.

“சார், அவளுக்கும் நாளைக்கு இன்டர்வியூ. ஒரு நாளைக்கு மட்டும் கொடுங்க சார்.”

“ஒண்ணுதான் வெளிய போவும். உன்னுதை வச்சுட்டு அவளுதை எடுத்துக் கொடுக்கறியா? சொல்லு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

விமலா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன்? அதையேதான் செய்திருப்பேன். ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். டயர் கடைக்காரர் வழிவிட்டார். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஓடினேன். யாரும் துரத்தவில்லை.

கிளியனூர். அம்மா ஃபைலை வாங்கி சாமி படத்துக்குக் கீழே வைத்தார். “நல்லவரும்மா உங்க சாரு, சொன்ன சொல்லு தவறல.” சோறு இறங்கவில்லை. தூக்கம் மட்டும் வந்தது. அதுதான் அசிங்கமாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

விழுப்புரம். மேகமூட்டம். பச்சைப் புடவை. பஸ் ஸ்டாண்டில் காரணமே இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஹாலில் ஃபேன் ஓடவில்லை. எல்லார் மடியிலும் ஃபைல். காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். பக்கத்தில் இருக்கிற அக்கா கைக்குழந்தையோடு வந்திருக்கிறார். பேனா இருக்குதா என்று கேட்டார், எழுதிவிட்டுத் தருகிறேன் என்றேன்.

அகர வரிசையில் கூப்பிடுகிறார்கள். ‘வ’ வந்துவிட்டது.

“விமலா.”

“விமலா இருக்கீங்களா?” கிளார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். நல்ல மனுஷர். “வெளிய டீ குடிக்கப் போயிருந்தா யாராச்சும் கூப்பிடுங்கம்மா. தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?”

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நானும் பக்கத்து அக்காவைப் பார்த்தேன்.

பெயர்மேல் கோடு போட்டுவிட்டார்.

“வெண்ணிலா.”

“இருக்கேங்க.”